கெடாவிலிருந்து தமிழ்நாடு எத்தனை மணி நேரம்? வீட்டு வாசலிலிருந்து ஒரு கணக்கு

“சென்னை என்ன, நாலு மணி நேரம்தானே” என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். விமானம் பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் சுங்கைப்பட்டாணி, பீடோங், பாலிங், கோலகெட்டில் பக்கத்தில் வீட்டைப் பூட்டிப் புறப்படும் ஒரு குடும்பம், தஞ்சாவூர்ப் பக்கத்தில் உறவினர் வீட்டு வாசலில் இறங்கும்போது 15, 16 மணி நேரம் கடந்திருக்கும். இந்த வித்தியாசம் தெரியாததால் சிலர் கல்யாண முகூர்த்தத்தைத் தவறவிடுகிறார்கள். சிலர் பெற்றவர்களின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போகிறார்கள்.

கெடா தமிழர்கள் தமிழ்நாட்டுக்குப் போகும் தூரம், விமானம் பறக்கும் நேரம், தரைவழிக்குப் பிடிக்கும் நேரம், விசாவுக்கு வேண்டிய நாள்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறோம். விமான அட்டவணைகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறும் என்பதால் அவற்றை இங்கே தரவில்லை. தூரம் மாறாது, பறக்கும் நேரமும் பெரிதாக மாறாது.

வானவழித் தூரம்

வரைபடத்தில் இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோடு போட்டால் வரும் தூரம் ஏறக்குறைய இவ்வளவு:

- பினாங்கு – சென்னை: 2,370 கி.மீ., பறக்கும் நேரம் மூன்றரை முதல் மூன்றே முக்கால் மணி
- கோலாலம்பூர் – சென்னை: 2,630 கி.மீ., சுமார் 4 மணி
- கோலாலம்பூர் – திருச்சி: 2,690 கி.மீ., சுமார் 4 மணி
- பினாங்கு – கோலாலம்பூர்: 325 கி.மீ., சுமார் 1 மணி
- அலோர் ஸ்டார் – கோலாலம்பூர்: 410 கி.மீ., சுமார் 1 மணி

ஓர் ஒப்பீடு சொன்னால் இந்தத் தூரம் மனத்தில் நிற்கும். பினாங்கிலிருந்து நம் நாட்டுக்குள்ளேயே இருக்கும் சபாவின் தாவாவ் நகரம் சுமார் 1,980 கி.மீ. தள்ளி இருக்கிறது. சென்னை அதைவிட 400 கி.மீ. அளவுக்குத்தான் கூடுதல்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு நமக்கு வடமேற்கே இருக்கிறது. கோலாலம்பூர் தெற்கே இருக்கிறது. கெடாவிலிருந்து கோலாலம்பூர் போய் விமானம் ஏறுகிறவர், போக வேண்டிய திசைக்கு எதிராக முதலில் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்புகிறார். பினாங்கிலிருந்து நேராகச் சென்னை போவதற்கும், கோலாலம்பூர் வழியாகப் போவதற்கும் வானவழியில் மட்டும் ஏறத்தாழ 585 கி.மீ. வித்தியாசம்.

பல ஆண்டுகளாக அந்தச் சுற்றுவழிதான் நமக்கு வழக்கமாக இருந்தது. 2024 டிசம்பர் 21-ஆம் தேதி இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடிச் சேவையைத் தொடங்கியது. வட மாநில மக்கள் தலைநகருக்குப் போகாமலே சென்னை போக அது வழி திறந்தது.

கப்பல் காலத்தில்

இந்தக் கடல்வழி கெடாவுக்குப் புதிதல்ல. தமிழில் கடாரம் என்று பெயர் பெற்ற நாடு இது. 1025-இல் முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கிய செய்தியைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. பாய்மரக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வந்து, வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பிய காலம் அது. காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கரையை நெருங்கும் மாலுமிகளுக்கு அடையாளமாக நின்றது 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலை.

ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில் நாகப்பட்டினமும் சென்னையும் புறப்படும் துறைமுகங்களாக இருந்தன. முதலில் வந்து சேரும் துறைமுகம் பினாங்கு. இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமில் வைக்கப்பட்ட பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1926-இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா கப்பலை நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் அறிவார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. 1970-களின் தொடக்கத்தில் ரஜூலா ஓய்ந்த பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. பயணிகள் கப்பல் காலமும் அத்துடன் முடிவுக்கு வந்தது.

நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 2,330 கி.மீ. கப்பலுக்கு அது நாள்கணக்கு, விமானத்துக்கு மணிக்கணக்கு. கடல் அதேதான். சென்னை – பினாங்கு நேர்கோடு வங்காள விரிகுடாவைக் கடந்து, நிக்கோபார் தீவுகளின் மேலாகவும், சுமத்திராவின் வடமுனைக்கு வடக்கேயும் வருகிறது. வானம் தெளிவாக இருக்கும் பகல் பயணத்தில், சன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தீவுகள் தெரிய வாய்ப்பு உண்டு.

டிக்கெட்டில் தெரியும் நேரம்

முதன்முறை போகிறவர்களைக் குழப்புவது டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம்தான். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படி இருக்கும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பினாங்கில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு மூன்றே முக்கால் மணி நேரம் பறந்தால், நம் கடிகாரத்தில் மதியம் 1.45. சென்னைக் கடிகாரத்தில் காலை 11.15. டிக்கெட்டைப் பார்ப்பவருக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம் போலத் தோன்றும். திரும்பும்போது இது தலைகீழாகும். சென்னையில் இரவு 11 மணிக்குப் புறப்பட்டால் பினாங்கில் இறங்குவது மறுநாள் காலை 5.15. தாளில் ஆறேகால் மணி நேரம் போலத் தெரிந்தாலும், பறப்பது அதே மூன்றே முக்கால் மணி நேரம்தான்.

இரவு 12 மணிக்கு மேல் புறப்படும் விமானங்களில் தேதியைக் கவனிக்க வேண்டும். “15-ஆம் தேதி 12.30” என்றால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

“இரண்டு மணி நேரம்தானே வித்தியாசம்” என்று சில பெரியவர்கள் சொல்வதிலும் காரணம் உண்டு. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி 1-இல் அரை மணி நேரம் முன்னோக்கி நகர்த்தப்பட்டது. அதற்கு முன் வித்தியாசம் சரியாக 2 மணி நேரம்தான்.

போகும் பயணத்துக்கும் திரும்பும் பயணத்துக்கும் சில நிமிடங்கள் கூடக் குறைய இருப்பதற்குக் காற்றும் ஒரு காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வலுவான காற்று வீசும். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் விளக்கிக் காட்டிய காற்றோட்டம் இது. அந்த மாதங்களில் தமிழ்நாடு நோக்கிப் போகிற விமானத்துக்கு அது துணை. திரும்பும் விமானத்துக்கு எதிர்.

தரைவழி: நேரம் போகும் இடம்

பினாங்கு விமான நிலையம் தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. சாலைவழியாக அங்கே போகும் தூரம் ஏறக்குறைய இவ்வளவு:

- கூலிம்: 45 முதல் 50 கி.மீ.
- சுங்கைப்பட்டாணி: 60 கி.மீ.
- அலோர் ஸ்டார்: 115 முதல் 120 கி.மீ.

சாலை காலியாக இருந்தால் சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். பாலம் நெரிசலாக இருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரமும் ஆகலாம். பாலிங், சிக் பக்கமிருந்து வருகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. தோட்டத்துக்குள்ளிருந்து செம்மண் பாதையில் பெரிய சாலைக்கு வரும் நேரமும் கணக்கில் சேர வேண்டும். மழை நாளில் அது இருமடங்காகும்.

1985-இல் திறக்கப்பட்ட முதல் பாலத்தின் நீளம் 13.5 கி.மீ. கெடாவிலிருந்து வருகிறவர்களுக்கு அதுவே பக்கம். காலையில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் அந்தப் பாலத்தில்தான் குவிகின்றன. அது அடைத்துக்கொண்டால் பத்து காவானுக்குப் போய் இரண்டாவது பாலத்தைப் பிடிக்கலாம். 2014 மார்ச் 1-இல் திறக்கப்பட்ட அந்த 24 கி.மீ. பாலத்துக்குக் கெடா சுல்தான் அப்துல் ஹாலிமின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. தீவில் அது பத்து மாவுங்கில் இறங்குகிறது. அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான்.

கெடாக்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்று: நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. “வெள்ளிக்கிழமைதானே, ரோடு காலியாக இருக்கும்” என்று நாம் புறப்படும் நாள் பினாங்குக்கு வேலை நாள்.

கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. சுங்கைப்பட்டாணியிலிருந்து கோலாலம்பூர் சாலைவழியாகச் சுமார் 350 கி.மீ.; சிப்பாங்கில் இருக்கும் அனைத்துலக விமான நிலையத்துக்கு மேலும் 50 கி.மீ. ஓய்வையும் சேர்த்து 5 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். 2015 முதல் இ.டி.எஸ். மின்ரயில் கெடா வழியாகப் பாடாங் பெசார் வரை ஓடுகிறது. சுங்கைப்பட்டாணியிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு நான்கரை மணி நேரம் அளவில் ஆகும். அலோர் ஸ்டாரிலிருந்து 5 மணி நேரம் அளவில். அங்கிருந்து விமான நிலைய விரைவு ரயிலில் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாவது முனையத்துக்கு 33 நிமிடம். ஏர்ஆசியா விமானங்கள் இரண்டாவது முனையத்திலிருந்து புறப்படுகின்றன. முனையத்தை மாற்றி இறங்கிவிட்டு, மூட்டை முடிச்சோடு அலைகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

சென்னையா, திருச்சியா?

எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்பதைச் சொந்த ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். சாலைவழித் தூரம் ஏறக்குறைய:

- சென்னையிலிருந்து: வேலூர் 140, விழுப்புரம் 160, திருவண்ணாமலை 190, திருச்சி 330, சேலம் 340 கி.மீ.
- திருச்சியிலிருந்து: புதுக்கோட்டை 55, தஞ்சாவூர் 60, பெரம்பலூர் 60, நாமக்கல் 85, மதுரை 135, நாகப்பட்டினம் 145 கி.மீ.

சுங்கைப்பட்டாணியில் ஒரு குடும்பம் வேலூருக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பினாங்கு விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம். முன்கூட்டியே போய்க் காத்திருப்பது 3 மணி நேரம். பறப்பது மூன்றே முக்கால். சென்னையில் குடிநுழைவுச் சோதனை முடித்துப் பெட்டி எடுக்க ஒரு மணி நேரம். வேலூருக்கு 3 மணி நேரம். மொத்தம் ஏறக்குறைய 12 மணி நேரம். இதையே காரில் கோலாலம்பூர் போய், அங்கிருந்து சென்னைக்குப் பறந்து செய்தால் 17 மணி நேரம். ஐந்து மணி நேரம் மிச்சம் என்பதால் பினாங்கு வழியே சிறந்தது.

அதே குடும்பம் தஞ்சாவூருக்குப் போனால்? பினாங்கு – சென்னை வழியில் சென்னை விமான நிலையத்தை விட்டு வெளியே வர ஒன்பதேகால் மணி நேரம். அங்கிருந்து சாலைவழியாக ஆறரை மணி நேரத்துக்கு மேல். மொத்தம் 16 மணி நேரம் அளவு. கோலாலம்பூர் – திருச்சி வழியில் விமான நிலையத்தை விட்டு வெளியே வர 14 மணி நேரம். தஞ்சாவூருக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் பதினைந்தரை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வயதானவர்கள் நீண்ட சாலைப் பயணத்தை எந்தப் பக்கத்தில் தாங்குவார்கள்? இங்கே பழக்கப்பட்ட நெடுஞ்சாலையில், புறப்படும் முன்பா, அல்லது விமானம் இறங்கிய களைப்போடு அங்கேயா?

பினாங்கிலிருந்து சென்னை இறங்கி, உள்நாட்டு விமானத்தில் திருச்சிக்கோ மதுரைக்கோ போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. குடிநுழைவு, சுங்கச் சோதனைகள் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே நடக்கும். பெட்டியையும் சென்னையிலேயே எடுத்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். இரு விமானங்களுக்கும் இடையே குறைந்தது 3 மணி நேரம் இருக்கட்டும். இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது பாதுகாப்பு. தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் போனதுதான்.

விசாவும் கடப்பிதழும்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் இந்தியாவுக்குப் போக விசா வேண்டும். பெரும்பாலோர் இணையம் வழி மின்விசா எடுக்கிறார்கள். இறங்கும் நாளுக்குக் குறைந்தது 4 நாள்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. கடப்பிதழில் ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும். இந்திய அரசின் இணையத்தள முகவரி “கவ் டாட் இன்” என்று முடியும். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்களும் இருப்பதால், பிள்ளைகளை விட்டு முகவரியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வரும் உறவினர்களுக்கு வழி சற்றே எளிது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா வரலாம் என்ற சலுகை நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும்.

துக்கச் செய்தி வந்தால்

இந்தக் கணக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தேவைப்படுவது துக்க வீட்டுக்குத்தான்.

அங்கே ஒருவர் இறந்தால் அன்றோ, மறுநாளோ எடுத்துவிடுவது பெரும்பாலான ஊர்களின் வழக்கம். குளிர்சாதனப் பெட்டி வைத்துக் காத்திருந்தால் இன்னும் ஒரு நாள் கூடும். கையில் செல்லுபடியாகும் விசாவும் கடப்பிதழும் இருந்து, அன்றைய விமானத்தில் இடமும் கிடைத்தால், செய்தி வந்ததிலிருந்து 18 மணி நேரத்துக்குள் பெரும்பாலான ஊர்களுக்குப் போய்விடலாம். விமானம் மறுநாள்தான் என்றால் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விசா இல்லை என்றால் நான்கு நாள் விதி குறுக்கே நிற்கும். அந்த நிலையில் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தை நேரடியாக அணுக வேண்டும். அது கோலாலம்பூர் வேலை நாளில்தான் இயங்கும். கெடாவின் ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை நாள்.

ஆகவே, பெற்றோரோ உடன்பிறந்தோரோ அங்கே வயதாகி இருக்கும் குடும்பங்கள் ஒரு காரியம் செய்யலாம். சுற்றுலா மின்விசாவில் 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என வகைகள் உண்டு. வீட்டில் ஒருவராவது நீண்டகால விசாவை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், அந்த ஒருவராவது நேரத்தோடு போய் நிற்க முடியும். எல்லாரும் போக முடியாத குடும்பத்துக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அடுத்தது, தொலைபேசியில் சொல்லும் வார்த்தை. “கிளம்பிட்டோம், வந்துகிட்டே இருக்கோம்” என்றால் அங்கே இருப்பவர்கள் நான்கு மணி நேரத்தில் வருவார்கள் என்று நினைத்து உடலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வெயில் ஏறும், ஊரார் அவசரப்படுத்துவார்கள், பங்காளிகளுக்குள் பேச்சு வளரும். அதற்குப் பதிலாக டிக்கெட் கையில் வந்தவுடன், இந்திய நேரப்படி இத்தனை மணிக்கு விமானம் இறங்கும், இத்தனை மணிக்கு ஊருக்கு வருவோம் என்று மணி குறித்துச் சொல்லுங்கள். வர முடியாது என்று தெரிந்தால் அதையும் உடனே சொல்லி, “எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்” என்று அனுமதி கொடுத்துவிடுங்கள். பதினாறாம் நாள் காரியம் செய்யும் குடும்பங்களுக்கு விசா எடுத்துப் போகப் போதிய நாள் இருக்கிறது.

இங்கே இறப்பு நடந்து அங்கிருந்து உறவினர் வருவதென்றாலும் இதே கணக்குதான். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இறங்கும் நேரத்தோடு, குடிநுழைவுக்கு ஒரு மணி நேரமும் சாலைப் பயண நேரமும் சேர்த்த பிறகே, எடுக்கும் நேரத்தை அறிவிப்பு அட்டையில் போடுங்கள்.

புறப்படும் முன் பார்க்க வேண்டியவை

- கடப்பிதழ் காலாவதியாகும் தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்து வைக்கவும். ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் புதுப்பிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.
- டிக்கெட்டில் உள்ள பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். தந்தை பெயர் சேரும் நம் பெயர்களில் தவறு எளிதில் நேரும்.
- அனைத்துலகப் பயணத்துக்குப் பல நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே முகப்பை மூடிவிடும். 3 மணி நேரத்துக்கு முன் போய்விடுங்கள்.
- நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வாங்கவும்.
- நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, தைப்பூசக் காலங்களில் சாலை நேரத்தை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளவும்.
- சென்னை, திருச்சி இரண்டிலும் இறங்கிய பிறகு ஊருக்குப் போகும் வண்டியை முன்கூட்டியே பேசி வைக்கவும். ஓட்டுநரிடம் இந்திய நேரத்தைச் சொல்லவும்.